அக்கரையில் இறங்கவில்லை

வெள்ளைப் பூச்சு அடித்து, அது உரிய முன்னமே இன்னொரு பூச்சு அடித்து, விளிம்பெல்லாம் தடித்துப்போன ஒரு மர வாங்கு. அதில் என் மனைவி மரகதம் இருந்தபடியே நித்திரை கொள்கிறாள். வாய் கொஞ்சம் திறந்திருக்கிறது. ஒரு கை மடியில் கிடக்கிறது. மற்றக் கை கைப்பையின் வாரைப் பிடித்திருக்கிறது. யன்னலுக்கு வெளியே ஒக்லாந்துத் துறைமுகம் சாம்பல் நிறத்தில் நகர்ந்துகொண்டிருக்கிறது.

ஃபெரிப் படகு அக்கரையில் போய் மெல்ல முட்டுகிறது. சனம் இறங்குகிறது. நான் இறங்கவில்லை. அவளை எழுப்பவுமில்லை.

இக்கரையில், மலைச்சரிவில் இருந்த ஒரு வீட்டில், மஞ்சளும் உப்பும் பூசிய ஆட்டிறைச்சி ஒரு சட்டியில் ஊறிக்கொண்டிருக்கிறது. அதைக் காய்ச்ச வேண்டியவள் இவள்தான். அதைச் சாப்பிட அந்த நகரத்தில் இருந்த எங்கள் தமிழ்ச் சனம் முழுவதும் வரப்போகிறது.

தொழிற்சாலையில் கார் ரயர் செய்த கதையைச் சொல்லத்தான் இந்தக் கிழமை நினைத்திருந்தேன். நேற்று சிட்னியில், நார்த்மீட்டில் மகள் வீட்டு வளவில் இலை கூட்டிக்கொண்டிருந்தேன். காற்றில் ஒரு குளிர் வந்தது. இலையை விட்டுவிட்டு ஞாபகம் கடல் தாண்டி அந்தப் பழைய ஃபெரிக்குப் போய்விட்டது. கிழமைக்கு ஒரு பழைய கதை, நான் சொல்லச் சொல்ல மகள்தான் எழுதுகிறாள். "அப்பா, வளைஞ்சு வளைஞ்சு போகாமல் நேராச் சொல்லுங்கோவன்" என்கிறாள். நேராகச் சொல்ல எனக்கு எப்போது தெரிந்தது?

நித்திரை போன வீடு

எழுபதுகளின் நடுப்பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக்காரனுக்கு மட்டும்தான் இந்த நாடு என்ற சட்டம் இளகிச் சில வருசம். சிட்னியில் எங்கள் ஆட்கள் மிகக் கொஞ்சம். அவர்களிலும் முக்கால்வாசிப் பேர் டொக்டர்மார், எஞ்சினியர்மார். நான் கப்பலில் இயந்திர அறையில் எண்ணெய் ஊற்றித் திரிந்தவன். பள்ளிக்கூடம் எனக்கு ஐந்தாம் வகுப்போடு சரி.

பென்டில் ஹில்லில், ரயில் பாதையை அண்டி, ஃபைப்ரோ என்கிற சீமெந்துத் தகட்டில் கட்டிய ஒரு வீட்டின் பின்பாதியில் இருந்தோம். முன்பாதியில் ஒரு யூகோஸ்லாவியக் குடும்பம். எனக்கு ரயர் தொழிற்சாலையில் பகல் வேலை. மரகதத்துக்கு ஓர் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் இரவு வேலை.

காலையில் நான் படலையைத் திறக்க அவள் வருவாள். திறப்பைக் கையில் கொடுப்பேன். "சோறு கிடக்கு" என்பேன். "ம்" என்பாள். அவ்வளவுதான் அன்றைய குடும்பம். வீட்டில் ஒரே ஒரு கட்டில். நான் எழும்பிய சூட்டில் அவள் படுப்பாள். அந்தக் கட்டில் ஆறியதை நான் கண்டதில்லை.

பகலில் எங்கே படுக்கிறது? தலைக்கு மேல் தகரம். பக்கத்தில் ரயில். முன்வீட்டுப் பிள்ளைகள் மூன்றுசில்லுச் சைக்கிளைச் சீமெந்தில் உருட்டுவார்கள். எங்காவது ஒருத்தன் புல்லு வெட்டும் இயந்திரத்தை இழுத்து முடுக்குவான். அவள் தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு சுவரைப் பார்த்துக் கிடப்பாள்.

இரண்டு வருசம் அப்படிப் போனது. பிறகு அங்கேயே அவளுக்கும் பகல் வேலை கிடைத்தது. இனிப் பிரச்சினை இல்லை என்று நினைத்தோம். போன நித்திரை திரும்பி வரவில்லை. நான் குறட்டை விட, அவள் குசினிக் கதிரையில் இருந்து துவாய் மடிப்பாள். மடித்து முடிந்தால் எல்லாவற்றையும் விரித்துவிட்டு மறுபடி மடிப்பாள்.

ஒருநாள் சலவைக்கூடத்தில், விரிப்புகளை அழுத்தி உலர்த்துகிற சூட்டு உருளைக்குள் துணியோடு அவள் கையும் போகப் பார்த்தது. பக்கத்தில் நின்ற கிரேக்கப் பெண் சட்டையில் பிடித்து இழுத்துவிட்டாள். மரகதம் அதை எனக்குச் சொல்லவில்லை. அந்தக் கிரேக்கப் பெண்தான் ரயில் நிலையத்தில் என்னைப் பிடித்து, தன் கையை என் மூக்குக்கு முன்னால் நீட்டி, விரலை மடக்கி மடக்கிக் காட்டினாள். இனி ஒருமுறை நடந்தால் இந்தக் கை இராது என்று எனக்கு விளங்கிவிட்டது.

டொக்டரிடம் கூட்டிப்போனேன். போலந்துக்காரக் கிழவர். அவர் குளிசை கொடுத்துப் பார்த்தார். குளிசை போட்டால் மறுநாள் பின்னேரம் வரைக்கும் அவள் நனைந்த கம்பளி மாதிரி இழுபட்டுத் திரிவாள். அதையும் விட்டோம். கடைசியில் அவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "இவளை எங்காவது கூட்டிக்கொண்டு போ. அடுப்பு இல்லாத இடம். ஒரு துணிகூட மடிக்கக் கூடாது. கடல் இருந்தால் நல்லது."

அடுப்பு இல்லாத இடம் எங்கே என்று தேடத் தொடங்கினேன்.

மெல்பேர்னில் ஸ்பிரிங்வேல் பக்கம் என் மச்சான் ஒருவன் இருந்தான். சொன்ன உடனேயே மரகதம் கையை விரித்தாள். "அங்க நாலு பிள்ளையள். போனா நான்தானே சமைக்கோணும்."

தொழிற்சாலையில் என்னோடு நின்றவன்தான் ஒக்லாந்தைச் சொன்னான். ஈஸ்டருக்கு மலிவு டிக்கெட் வருகிறது, விமானத்தில் ஏறிச் சாப்பிட்டு முடிய இறங்கிவிடலாம் என்றான். வெளிநாட்டுக்கா போகிறாய் என்று மற்றவர்கள் சிரித்தார்கள். அவர்களுக்கு நியூசிலாந்து பின்வளவு மாதிரி. எங்களுக்கு விசாவும் பாஸ்போர்ட்டும் வேண்டிய வெளிநாடுதான்.

நான் போட்ட கார்ட்

எல்லாம் சரியாகத்தான் செய்தேன். துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு சின்ன ஹோட்டலில் அறை சொல்லிவைத்தேன். காலையில் முட்டையும் பாணும் அவர்களே தருவார்கள்.

பிறகுதான் எனக்கு யோசனை பிடித்தது. ஒக்லாந்தில் பரமலிங்கம் இருக்கிறான். எங்கள் ஊரவன், எங்கள் வளவுக்கு அடுத்த ஒழுங்கை. என்னைவிட வயதில் நன்றாக இளையவன். படித்து, நில அளவையாளராக அங்கே வேலை செய்தான். ஊரவன் இருக்கிற இடத்துக்குச் சொல்லாமல் போய்விட்டு, பிறகு அவனுக்குத் தெரியவந்தால்? "எங்களை மனிசராய் மதிக்கேல்லை" என்ற கதை கடிதத்தில் ஊருக்குப் போய், அங்கே என் தமையனிடம் போய், அவரிடமிருந்து எனக்கு வரும்.

ஆகையால் ஒரு கார்ட் போட்டேன். இன்ன நாள் வருகிறோம், இன்ன ஹோட்டலில்தான் நிற்போம், ஒருநாள் வந்து தலையைக் காட்டுவோம், நீங்கள் ஒன்றுக்கும் சிரமப்பட வேண்டாம்.

சிரமப்பட வேண்டாம் என்று எங்கள் ஆட்களுக்கு எழுதினால் அவர்கள் அதை எப்படி வாசிப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் எழுதினேன். வேறு எப்படி எழுதுகிறது?

விமான நிலையத்தில் பரமலிங்கம் பல்லெல்லாம் தெரிய நின்றான். பெட்டியைக் கையிலிருந்து பறித்தான்.

"தம்பி, எங்களை ஹோட்டலில இறக்கிவிட்டாக் காணும்" என்றேன்.

"எந்த ஹோட்டல்? அதை நான் காலமையே ரெலிபோன் எடுத்து வேண்டாமெண்டிட்டன்."

"என்ன விசர்க்கதை கதைக்கிறாய்?"

"அண்ணை, நான் உயிரோட இருக்கேக்க ஊராள் வந்து ஹோட்டலில படுக்கிறதோ? அதைப் பிறகு பாப்பம். முதல் காரில ஏறுங்கோ."

மரகதம் என்னை ஒரு பார்வை பார்த்தாள். கோபம் என்று சொல்லமாட்டேன். சலவைக்கூடத்தில் ஒரு வண்டில் முடிந்த கையோடு அடுத்த வண்டிலைத் தள்ளிக்கொண்டு வந்தால் ஒரு பார்வை பார்ப்பார்களே, அதுதான்.

தூள்

மலைச்சரிவில் பலகை வீடு. வாசலில் ஒரு மரம். அதன் கீழே பச்சை நிறத்தில் முட்டை அளவு பழங்கள் விழுந்து கிடந்தன. பிளந்து பார்த்தால் கொய்யா மாதிரி. வாயில் வைத்தால் கொய்யா இல்லை. வாசமெல்லாம் தைலத்தையும் அன்னாசியையும் கலந்த மாதிரி. அந்த ஊரில் இலையுதிர் காலத்தில் வீட்டுக்கு வீடு அந்தப் பழம் விழுந்து கிடக்கும், பொறுக்க ஆளிருக்காது. இன்றைக்கும் எங்காவது அந்த மணம் வந்தால் எனக்கு அந்த வீட்டு வாசல்தான் ஞாபகம் வருகிறது.

பரமலிங்கத்தின் மனைவி லீலா கொழும்பில் படித்த பிள்ளை. கல்யாணம் முடித்து அங்கே வந்து ஒரு வருசம்கூட ஆகவில்லை. எங்களைக் கண்டதும் கண் கலங்கிவிட்டாள். படுக்கத் தங்கள் அறையைத் தந்தார்கள். வேண்டாம், நாங்கள் ஹோலில் படுக்கிறோம் என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. அவர்கள் இரண்டு பேரும் ஹோலில் நிலத்தில் பாய் விரித்துப் படுத்தார்கள்.

மரகதம் அந்த மெத்தையில் ஒரு நிமிசம்கூடக் கண் மூடவில்லை. "அந்தப் பிள்ளை நிலத்தில கிடக்குது. எனக்கு எப்பிடி நித்திரை வரும்?" என்று காலையில் சொன்னாள்.

இனித் தூளின் கதை. போகிற வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது என்று மரகதம் தான் வறுத்து இடித்த கறித்தூளில் ஒரு பால்மாத் தகர ரின் நிறையக் கொண்டுவந்திருந்தாள். விமான நிலையத்தில் சோதிக்கிறவன் மூடியைத் திறந்து மணந்துவிட்டு அடுக்காகத் தும்மினான். கையைக் காட்டிப் போகச் சொல்லிவிட்டான். அவன் அதை வாங்கி வைத்திருந்தால் அந்தப் பயணமே வேறாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை காலை லீலா ரின்னைத் திறந்தாள். மூக்கை உள்ளே விட்டு அப்படியே நின்றாள்.

"அக்கா, இது எப்பிடி அக்கா? நான் வறுத்தாக் கறி கைக்குது. இவர் ஒண்டும் சொல்லாமல் சாப்பிடுறார். அதுதான் இன்னும் கவலை."

"அது ஒண்டுமில்லைப் பிள்ளை. எல்லாத்தையும் ஒண்டாப் போட்டு வறுக்கிறீர் போல. மல்லி வேற, மிளகாய் வேற."

"ஒருக்கா வறுத்துக் காட்டுறியளோ?"

நான் குறுக்கே விழுந்தேன். "அவ ஆறுதலா இருக்கத்தான் வந்தவ, பிள்ளை."

மரகதம் என்னைப் பார்க்காமலே சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். "வாய் திறந்து கேக்குது. இல்லையெண்டுறதோ? ஒரு சட்டிதானே."

ஒரு சட்டி. லீலா ரெலிபோன் எடுத்து ஒருத்திக்குச் சொன்னாள். அந்த ஒருத்தி இன்னொருத்திக்குச் சொன்னாள். சிட்னியிலிருந்து தூள் வறுக்கத் தெரிந்த அக்கா வந்திருக்கிறா. மத்தியானத்துக்குள் குசினி மேசையில் செத்தல் மிளகாய்ப் பைகளும் மல்லிப் பைகளும் வந்து குந்திவிட்டன. அந்த நாளில் அங்கே அதெல்லாம் குஜராத்திக்காரர் கடை ஒன்றில் வாங்கினால்தான் உண்டு. யாரோ ஒரு டொக்டரின் மனைவி வந்து, "அக்கா, எங்கட ஆளுக்கு உறைப்புக் கொஞ்சம் கூட" என்று சொல்லிவிட்டுப் போனாள். இன்னொரு வீட்டில் உறைப்புக் குறைவு. மரகதம் எல்லாவற்றுக்கும் "ஓம், ஓம்" என்றாள்.

குளிர் என்று யன்னலெல்லாம் பூட்டியிருந்தது. மிளகாய் கருகத் தொடங்க வீடு முழுக்க இருமல். பக்கத்து வீட்டுக் கிழவி குளியல் அங்கியோடு வேலிக்கு வந்து, வீடு பற்றிவிட்டதா, ஆளைக் கூப்பிடவா என்று கேட்டாள். பரமலிங்கம் கண்ணால் தண்ணீர் வழிய, "இல்லை, இது சமையல்" என்றான். கிழவி நம்பவில்லை. கனநேரம் வேலியிலேயே நின்றாள்.

அரைத்தது கோப்பி அரைக்கும் இயந்திரத்தில். அதற்குப் பிறகு அந்த வீட்டில் குடித்த கோப்பியெல்லாம் தொண்டையில் எரிந்தது.

வெள்ளி போனது. சனியும் அப்படியே போனது. மரகதம் அடுப்படியிலேயே நின்றாள். முகத்தில் மிளகாய்ச் சிவப்பு, கண்ணுக்குக் கீழே கருப்பு. சனி பின்னேரம் வறுத்துக்கொண்டிருந்தவள் அகப்பையைச் சட்டிக்குப் பக்கத்தில் வெறும் அடுப்பில் போட்டுத் துழாவினாள். நான் கையைப் பிடித்தேன். எனக்குக் கிரேக்கப் பெண்ணின் விரல்கள் ஞாபகம் வந்தன.

அன்றைக்குத்தான் பரமலிங்கம் அறிவித்தான்: "நாளைக்கு மத்தியானம் எல்லாரையும் வரச்சொல்லிப் போட்டன். அக்கான்ர தூளில, அக்கான்ர கையால ஆட்டிறைச்சிக் கறி."

அவன் முகத்தில் இருந்த சந்தோசத்தைப் பார்த்தால் யார்தான் வாய் திறப்பார்கள்?

பூட்டிக் கிடந்த நகரம்

ஞாயிறு காலை, "தம்பி, ஒருக்காக் கடல் பாத்திட்டு வாறம்" என்றேன். "நாளைக்கு வெளிக்கிட்டால் பிறகு எப்ப வாறமோ."

பரமலிங்கம் தானே காரில் கொண்டுவந்து துறைமுகத்தில் விட்டான். "பன்னிரண்டுக்கு இதே இடத்தில நில்லுங்கோ, வந்து ஏத்துறன். அக்கா வந்துதான் சட்டி அடுப்பில ஏறும்."

ஈஸ்டர் ஞாயிறு. நகரம் பூட்டிக் கிடந்தது. கடைகளுக்கு முன்னால் ஒரு நாய்கூட இல்லை. ஈர இலைகள் ரோட்டில் ஒட்டிக் கிடந்தன. கடற்பறவைகள் குப்பைப் பீப்பாயைச் சுற்றிச் சண்டை போட்டன. மணிக்கூட்டுக் கோபுரம் வைத்த பெரிய கட்டடம் ஒன்று, அதற்குப் பின்னால் ஃபெரி நின்றது. எதிர்க்கரையில் ஒரு சின்ன மலையும் வீட்டுக் கூரைகளும் தெரிந்தன.

"அங்கால போவமே?" என்றேன். "உடன திரும்பிடலாம்."

"எங்கயாவது இருந்தாக் காணும்" என்றாள் மரகதம்.

ஏறினோம். ஆட்கள் அங்கொன்றும் இங்கொன்றும்தான். யன்னல் ஓரமாய் அந்த வெள்ளை வாங்கு. வெயில் ஒரு துண்டு அதில் கிடந்தது. காலுக்குக் கீழே இயந்திரம் தொடங்கியது. பலகையெல்லாம் மெல்ல அதிர்ந்தது. இன்னும் நடுக்கடலுக்குப் போகவில்லை, எதையோ காட்டவென்று திரும்பினேன். அவள் நித்திரை.

தலை சரிந்து யன்னல் சட்டத்தில் முட்டிக்கொண்டிருந்தது. என் கோட்டைக் கழற்றி, சுருட்டி, கீழே கொடுத்தேன். அதற்கும் எழும்பவில்லை. எத்தனை காலத்துக்குப் பிறகு அந்த முகத்தை அப்படிப் பார்த்தேன்! எனக்கு மூச்சுவிடப் பயமாக இருந்தது.

இயந்திரம் நிற்கும் நேரம்

கப்பலில் வேலை செய்தவனுக்கு ஒன்று தெரியும். இயந்திரம் ஓடுமட்டும் மனிதன் நித்திரை கொள்வான். நின்றால் எழும்பிவிடுவான். பெரிய இரைச்சலுக்குள்ளே, எண்ணெய் நாற்றத்துக்குள்ளே, நாங்கள் பிணம் மாதிரிக் கிடப்போம். எங்காவது நடுக்கடலில் இயந்திரம் நின்றுபோனால் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் எழும்பிக் குந்துவோம். சத்தம் இல்லாததுதான் எங்களை எழுப்பும்.

ஃபெரி அக்கரையை நெருங்க இயந்திரம் தணிந்தது. அவளுடைய புருவம் அசைந்தது. நிற்பாட்டப்போகிறான் என்று நினைத்தேன். இல்லை. தணிந்த சுருதியிலேயே முனகிக்கொண்டு நின்றது. ஆனால் இறங்கும் பலகையைப் போட்டார்களே ஒரு போடு, டமார் என்று! மரகதத்தின் கை துடித்தது. கண் திறக்கவில்லை.

பலகை போடுகிறவன் ஒரு பெரிய ஆள். தீவுப் பக்கத்து மனிதன், சுருட்டைத் தலை, காதில் ஒரு சிகரெட். எல்லாரும் இறங்கிய பிறகு என்னிடம் வந்தான். நான் வாயில் விரலை வைத்தேன். அவன் அவளைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"சுகமில்லையா?" என்று கேட்டான்.

எனக்குத் தெரிந்த கப்பல் இங்கிலிஷில் சொன்னேன்: "இரவு வேலை. இரண்டு வருசம். நித்திரை இல்லை."

அவன் தலையை ஆட்டினான். படகின் ஆட்டத்துக்குக் காலை அகட்டி நான் நின்ற நிலையைப் பார்த்து, "எந்தக் கப்பல்?" என்றான். சொன்னேன். "இயந்திர அறையா?" ஓம் என்றேன். திரும்பவும் டிக்கெட் எடுக்கவேண்டுமா என்று சட்டைப் பையில் கையை விட்டேன். அவன் என் கையைத் தட்டிவிட்டுப் போனான்.

அடுத்த கரையில் பலகை இறங்கும்போது நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். சத்தம் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். அந்தப் பெரிய மனிதன் பலகையைத் தன் சப்பாத்துக் காலின் மேல் தாங்கி, பிள்ளையைத் தொட்டிலில் கிடத்துகிற மாதிரி, மெல்ல இறக்கிக்கொண்டிருந்தான். பிறகு ஒவ்வொரு தரமும் அப்படித்தான்.

இக்கரை. அக்கரை. திரும்ப இக்கரை. எத்தனை தரம் என்று நான் எண்ணவில்லை. வந்த சனம் போனது, புதுச் சனம் வந்தது. ஒரு கிழவி எதிரில் இருந்து கம்பளி பின்னினாள். வெயில் மாறி மாறி எங்கள் வாங்கில் விழுந்தது. மரகதத்தின் மூச்சுக்கு ஒரு மெல்லிய விசில் வந்தது. அந்தச் சத்தத்தை எங்கள் கல்யாணம் முடிந்த புதிதில் கேட்டிருக்கிறேன். மறந்தே போயிருந்தேன்.

இக்கரைக்கு வரும்போதெல்லாம் கோபுரத்து மணிக்கூடுதான் முதலில் தெரியும். முள்ளு பன்னிரண்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

"எங்கட வீட்டில கட்டில் இல்லையோ?"

பரமலிங்கம் சொன்ன நேரத்துக்கு வந்து நின்றான். ஞாயிற்றுக்கிழமைச் சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை. ஃபெரி அணைய முன்னமே என்னை யன்னலில் கண்டு கையை ஆட்டினான். நானும் ஆட்டினேன். சனம் இறங்கியது. நான் இறங்காததைக் கண்டு பலகைக்குக் கிட்ட வந்தான். நான் எழும்பி ஓரத்துக்குப் போனேன். எங்களுக்கு நடுவில் அந்தப் பலகை மட்டும்.

"என்ன அண்ணை, வாங்கோவன். சனம் வரத் தொடங்கியிட்டுது."

"மெதுவாக் கதை தம்பி. அவ நித்திரை."

"எழுப்புங்கோ."

"இல்லை. கொஞ்சம் கிடக்கட்டும்."

அவனுக்கு விளங்கவில்லை. சிரித்தான். "பகிடியோ? இறைச்சி ஊறிக் கிடக்குது. லீலா அடுப்படியில முழிசிக்கொண்டு நிக்கிறாள்."

"தம்பி, நீ போய் அவையளைச் சாப்பிடச் சொல்லு. நாங்கள் பிறகு வாறம்."

அவன் சிரிப்பு போய்விட்டது. "உங்களுக்காகத்தானே கூப்பிட்டது. நான் சனத்துக்கு முன்னால போய் என்னத்தைச் சொல்லுறது?"

"நித்திரை கொண்டிட்டா எண்டு சொல்லு."

"நித்திரையோ?" குரல் உயர்ந்தது. "எங்கட வீட்டில கட்டில் இல்லையோ? எங்கட கட்டிலைத் தந்திட்டு நாங்கள் நிலத்தில கிடந்தனாங்கள். அதில வராத நித்திரை இந்தப் பலகையிலயோ வந்தது?"

நீங்கள் நிலத்தில் கிடந்தபடியால்தான் வரவில்லை என்று சொல்லலாமா? அவன் செய்ததில் ஒரு பிழையும் இல்லை. நான் அவனுடைய இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். கட்டிலையும் கொடுத்திருப்பேன், சனத்தையும் கூப்பிட்டிருப்பேன்.

திரும்பிப் பார்த்தேன். யன்னலுக்குள்ளே கோட்டின் மேல் அவள் தலை. எழுப்பினால் எழும்புவாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஐயோ, நேரம் போட்டுதே" என்று ஓடுவாள். போய் அடுப்படியில் நிற்பாள். அது எனக்கு நன்றாகத் தெரியும். அவள் இல்லை என்று சொல்லமாட்டாள். அப்படியென்றால் சொல்லவேண்டியது யார்?

"எழுப்பமாட்டன் தம்பி" என்றேன்.

அந்தப் பெரிய மனிதன் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். பாஷை விளங்கவில்லை, விசயம் விளங்கியிருக்கவேண்டும். பரமலிங்கத்தைப் பார்த்து, ஏறுகிறீரா இல்லையா என்று சைகையால் கேட்டான். பரமலிங்கம் ஒரு அடி பின்னால் வைத்தான். பலகை மேலே வந்தது. இயந்திரம் உயர்ந்தது. எங்களுக்கு நடுவில் முதலில் ஒரு முழம் தண்ணீர், பிறகு ஒரு வளவு அளவு தண்ணீர். அவன் இரண்டு கையையும் தொங்கவிட்டபடி நின்றது தெரிந்தது. அந்தச் சட்டையின் நிறம்கூட எனக்கு இன்னும் ஞாபகம், இளம் நீலம்.

உள்ளே வந்து வாங்கின் நுனியில் இருந்தேன். கோட்டு இல்லாமல் குளிராக இருந்தது.

திரும்பின வழி

பின்னேர வெயில் மஞ்சளாகி, தண்ணீர் ஈய நிறத்துக்கு வந்த பிறகுதான் மரகதம் கண் திறந்தாள். கன்னத்தில் கோட்டின் பொத்தான் பதிந்திருந்தது. கொஞ்ச நேரம் எங்கே என்று தெரியாமல் பார்த்தாள். யன்னலுக்கு வெளியே பார்த்தாள். எதிர்க்கரையின் சின்ன மலை முன்னே வந்துகொண்டிருந்தது.

"என்னப்பா," என்றாள், "இன்னும் அங்கால போய்ச் சேரேல்லையோ?"

"இல்லை" என்றேன். "இன்னும் போய்ச் சேரேல்லை."

அடுத்தது வெளிச்சத்தைக் கவனித்தாள். என் முகத்தைப் பார்த்தாள். "ஐயோ, இறைச்சி!" என்று எழும்பினாள்.

டாக்சியில் போனோம். குசினியில் கோப்பைகள் கழுவிக் கவிழ்த்திருந்தன. பரமலிங்கம் ஹோலில் டீவியைப் பார்த்தபடி இருந்தான், திரும்பவில்லை. லீலாதான் மூடி வைத்த தட்டுகளைக் கொண்டுவந்தாள்.

"நான்தான் காய்ச்சினனான் அக்கா. உங்கட தூள் போட்டு. அடியில கொஞ்சம் பிடிச்சுப் போச்சு. உப்புச் சரியோ பாருங்கோ."

மரகதம் ஒரு வாய் வைத்தாள். "நல்லாயிருக்குப் பிள்ளை. இனி ஆரும் வந்து காட்டத் தேவையில்லை."

உண்மையில் நன்றாகத்தான் இருந்தது. லீலா மெதுவாக, கணவனுக்குக் கேட்காமல், "நித்திரை வந்ததே அக்கா?" என்று கேட்டாள். மரகதம் ஓமென்று தலையை ஆட்டினாள்.

மறுநாள் பரமலிங்கம்தான் விமான நிலையத்துக்குக் கொண்டுவந்துவிட்டான். கடமையில் ஒரு குறையும் வைக்கவில்லை. பெட்டியைத் தூக்கித் தந்தான். "போட்டு வாறம் தம்பி" என்றேன். "ஓம்" என்றான். அதற்குப் பிறகு அவனிடமிருந்து ஒரு சொல் வரவில்லை. ஊரில் என் தமையனுக்குக் கதை போனது, அவர் எனக்கு எழுதினார், நான் பதில் போடவில்லை.

சிட்னிக்கு வந்த உடனேயே நித்திரை ஒழுங்காக வந்துவிட்டது என்று சொன்னால் பொய். ஆனால் மருந்து எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் ரயிலேறி நகரத்துக்குப் போவோம். அங்கிருந்து மான்லிக்குப் போகிற ஃபெரி. நல்ல நீளமான ஓட்டம். ஏறி இருந்து, கோட்டைச் சுருட்டி வைத்தால் அவள் சரிந்துவிடுவாள். ஒரு குளிர்காலம் முழுக்க அப்படிப் போனோம். வீட்டுக்குப் பக்கத்தில் கிடந்ததை வெளிநாட்டில் போய்க் கண்டுபிடித்தவர்கள் நாங்கள்.

அதெல்லாம் பிறகு. அன்றைக்கு, திரும்பி வரும் விமானத்தில், மரகதம் யன்னலுக்கு வெளியே கடலையே பார்த்துக்கொண்டு வந்தாள். என்மேல் கோபமோ என்று நினைத்தேன். ஒரு வீட்டுச் சனத்துக்கு முன்னால் அவளைத் தலைகுனிய வைத்தவன் நான்தானே.

"இஞ்சாருங்கோ," என்றாள் கடைசியில். "அங்கால கரையில என்ன இருந்தது?"

"தெரியாது."

"தெரியாதோ? நாள் முழுக்கப் போய் வந்தனீங்கள்."

"இறங்கேல்லையே."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். சிரிப்பு ஒன்று வாயோரத்தில் வந்து நின்றது. "ஒருக்கால்கூட இறங்கேல்லையோ? பிறகென்னத்துக்கப்பா அத்தனை தரம் போனனீங்கள்?"

இதற்கு ஒரு நல்ல பதில் சொல்லவேண்டும் என்று நினைத்தேன். எனக்குப் பேச்சு எப்போதும் பிந்தித்தான் வரும். தொண்டையைச் செருமி, சொல்லைத் தேடி எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

விமானத்தின் இயந்திரம் ஒரே சுருதியில் ஓடிக்கொண்டிருந்தது. அவளுடைய தலை என் தோளில் இருந்தது.

தேத்தண்ணீர் வண்டிலைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். நான் வாயில் விரலை வைத்துக் காட்டினேன்.